மாதிரி இரண்டு

பயிர் என்ற கட்டத்துக்கு மேலே
பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார் போதனாசிரியர்.
புல், என்றேன்.
மாட்டுக்கோ?
இல்லை, இருக்க.
வட்டக்கச்சியில் புல்லழிக்க மருந்து கேட்டுத்தான்
சனம் இந்தப் படி ஏறும்.
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு
தீவனம் என்று எழுதினார்.

ஜெயரூபன் கட்டாரில் ஒரு ஹொட்டேலின்
புல்தரைக்குத் தண்ணீர் விடுகிறார். ஒன்பது வருசம்.
வெட்டுவார், வாருவார், உப்புப் பூத்தால் கழுவுவார்;
அதில் இருக்க மட்டும் ஏலாது, கமரா பார்க்கும்.
சித்திரைக்கு வாறன்,
முற்றத்தில் ஒரு பாயளவுக்காவது புல் வேணும் என்றார்.
நான் பாயோடு விடவில்லை.
கிணற்றடியிலிருந்து வேலிவரை அளந்தேன்.

எட்டு இடம், வளைந்து வளைந்து நட.
ஒரு சாண் ஆழம் வெட்டு.
பழைய அடுப்படி, மாட்டுக்கொட்டில், வரம்போரம் தவிர்.
துண்டுத்தாள் சொன்னபடி நடந்தேன்.
அது சொல்லாத ஒரு மூலையையும் தவிர்த்தேன்.
எட்டு மண்ணையும் சாக்கில் குவித்துக் கலந்து
நாலாய்ப் பிரித்து, எதிரெதிர் இரண்டைக் கொட்டி,
மறுபடி நாலாய், மறுபடி கொட்டி,
அரைக்கிலோ மிஞ்சியபோது
எது எந்த இடத்து மண்ணென்று எனக்கே தெரியாது.
நிழலில் காயவைத்ததைக் கோழி வந்து கிளறியது;
அதையும் சேர்த்துத்தான் சராசரி.

பி.எச். எட்டு தசம் இரண்டு.
சேதனக் காபன் குறைவு.
பொசுபரசு குறைவு.
பொற்றாசியம் போதும்.
கையெழுத்து, முத்திரை.
கண்ணிவெடி எடுத்தவை தந்த தாள் கிடக்கும் கோப்பில்தான்
இதையும் வைத்தேன்.
அது இந்தக் காணியில் இல்லாததைச் சொன்னது.
இது, இருந்தும் காணாததை.

படம் பிடித்து அனுப்பினேன்.
இரவு ஒரு மணிக்குக் குரல்பதிவு, பின்னால் பம்பி இரைகிறது:
சாம்பல் போடாத. டொலமைற் கிட்டவும் கொண்டுபோகாத.
கந்தகம் கொஞ்சம்.
மாட்டெரு உக்கினது, நல்லா உக்கினது.
யூரியா அவை எழுதினதில அரைவாசி காணும்,
அது மாடு தின்னுற கணக்கு.
காதல் கடிதம் எழுதத் தெரியாத மனுசன்.
நாலு தரம் போட்டுக் கேட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன் பதினெட்டுக் கடகம் எரு.
கணுக்கணுவாய் நறுக்கி அறுகு பதித்தேன்.
பிடுங்கக் கூலி குடுக்கிற ஊரில
நடக் கூலி குடுக்கிறியோ, என்று
வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள் நாகபூசணி.
கார்த்திகை முடியத் தரை மூடிவிட்டது.
காணொளி அனுப்பினேன்.

வடிவாயிருக்கு, என்றார். கொஞ்சம் பொறுத்து:
அந்த வேலிமூலை மட்டும் ஏன் கடும்பச்சை?
ஆரோ பெரிசா 'ட' எழுதினமாதிரி.

என்னை அவர் முடித்தது பன்னிரண்டாம் ஆண்டு.
அவருக்குத் தெரியாது.
மேலே பனங்குற்றி, சுற்றிவர மண்மூட்டை.
உரப்பை முடிந்தபிறகு சேலையை வெட்டித் தைத்தோம்:
அக்காவின் கூறை,
என் சாமத்தியச் சேலை,
ஆரோ விட்டுப்போன வெள்ளை நூல்சேலை ஆறு.
திரும்பி வந்து மூடியபோது எதையும் வெளியே எடுக்கவில்லை.
குற்றி உக்கியிருக்கும். நூலும்.
பட்டுக்கு எவ்வளவு காலம் பிடிக்குமோ.

எருவாயிருக்கும், என்று எழுதி அனுப்பினேன்.
அப்ப அந்த மண்ணைத் தனியக் குடு,
மிச்சத்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவரலாம், என்றார்.

இன்று காலை வெட்டினேன். ஒரு சாண்.
கறுப்பு மண். மண்புழு இரண்டு.
விரலில் ஏதோ சுற்றியது, வேரோ நூலோ,
உதறாமல் அப்படியே பைக்குள் போட்டேன்.
மாதிரி இரண்டு என்று துண்டில் எழுதியாயிற்று.
படிவத்தில் அடுத்த கட்டம்:
இந்நிலத்தில் முன்னர் செய்த பயிர்.
போன தடவை உளுந்து என்று சொன்னேன்.
பென்சில் மழுங்கிப்போச்சு.
சீவ ஒரு பிளேட் தேடவேணும்.